துர்திகுல் பேசி முடித்த இருபது நிமிடம்

பத்து வயதுப் பெண் குழந்தை திக்காமல் பேசுவதற்கு என்ன விலை என்று கேட்டால், நாளொன்றுக்கு இருபத்தைந்து நிமிடம். அது ஜனவரி மாத விலை. பேசி முடித்தவர் குழந்தையின் அப்பா துர்திகுல். கைமாறுகிற சரக்கு என்னவென்று தெரிந்தேதான் முடித்தார். தரகுகூட வாங்கவில்லை.

துர்திகுல் ஆட்டுச் சந்தையில் தரகர். ஃபர்கானாப் பள்ளத்தாக்கில் ஞாயிறுதோறும் விடியும்போது கூடி, வெயில் உறைப்பதற்குள் கலைந்துவிடும் சந்தை அது. விற்கிறவன் ஒரு விலையில் நிற்பான், வாங்க வந்தவன் ஒரு விலையில் நிற்பான். நடுவில் கொழுத்த வால் செம்மறி ஒன்று, தனக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் அசைபோட்டுக்கொண்டிருக்கும். துர்திகுல் அங்கே நுழைந்து இருவருடைய வலது கைகளையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் குலுக்க ஆரம்பிப்பார். இடது தோளைத் தூக்கி, வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்து, தோள்மூட்டு கழன்றுவிடும்போல் குலுக்குவார். விலை சொல்கிறவனின் வாயைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். குதிகால் பின்னால் நகர்ந்தால் இன்னும் இறங்குவான் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் இளகியதும், "நடுவுல வெட்டு" என்பார். வெட்டியதும், "பரக்கத்" என்று ஒரு சொல். அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. மாறினால் அவன் அந்தச் சந்தையில் கயிறு விற்கக்கூட லாயக்கில்லாதவன்.

தரகருக்கு இன்னொரு கட்டும் உண்டு. தன் ஆடு சந்தையில் நிற்கிற நாளில் அவர் யார் கையையும் பிடிக்கக் கூடாது. மமஸாலி என்று ஒருவர் முன்பு நல்ல தரகராக இருந்தார். மச்சானுடைய ஆட்டை யாரோ அயலூரானுடையது என்று சொல்லி ஒருமுறை விலை முடித்துக் கொடுத்துவிட்டார். விஷயம் வெளியே வர மூன்று வாரம் ஆயிற்று. இப்போது சந்தை வாசலில் சூரியகாந்தி விதை வறுத்துக் காகிதக் கூம்பில் போட்டு விற்கிறார். அதற்கும் அவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை, சொன்ன காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு தரகனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பெற்றோர் குழுத் தலைவராக துர்திகுலைப் போட்டதும் இந்தக் கைக்காகத்தான். சன்னல் பெயிண்ட், அடுப்புக்குக் கரி, கரும்பலகைத் துணி என்று எது வாங்கப் போனாலும் அவரை முன்னால் தள்ளிவிடுவார்கள். கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே வலது கையைப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

அவருடைய மகள் ஆய்தின் அந்த வகுப்பில்தான் படித்தாள். அவளுக்குச் சொல்லின் முதல் எழுத்து தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தன் பெயரைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க நிற்பாள். எதிரே இருப்பவர் பரிதாபப்பட்டு அந்தச் சொல்லைத் தானே சொல்லிக் கொடுத்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார்கள். நகரத்து டாக்டரிடம் இரண்டு தடவை காட்டினார்கள். முதல் மூன்று வருடம் பாடம் எடுத்த டீச்சர் நல்ல மனசுக்காரி, "நீ எழுதிக் காட்டும்மா, போதும்" என்று விட்டுவிட்டாள். மூன்று வருடம் ஆய்தின் கடைசி பெஞ்சிலிருந்து எழுதிக் காட்டினாள். மதிப்பெண் குறையவில்லை. குரல்தான் குறைந்தது.

செப்டம்பரில் புது வாத்தியாராக எல்முராத் வந்தான்; எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயது, ஒல்லி, கோட்டு முழங்கையில் எப்போதும் சுண்ணாம்புப் பொடி. கடைசிப் பாடவேளை நாற்பத்தைந்து நிமிடத்தையும் அவன் சந்தையாக்கிவிட்டான். மேசைகளைத் திருப்பிப் போட்டு ஆறு கடை. வால்நட்தான் பணம். அரிசி, முலாம்பழம், துணி எல்லாம் காகிதத்தில். எடை போடுவதும் பெருக்குவதும் கழிப்பதும் அங்கேதான். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் சுவரைத் தட்டுவாள்.

அக்டோபரில் கரியடுப்பு விஷயமாகப் போன துர்திகுல் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஆறு கடைக்கும் நடுவில் ஒரு சின்னப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்களின் கையை இழுத்துச் சேர்த்துக் குலுக்கினாள். இடது தோள் தூக்கியிருந்தது. வலது கால் ஒரு எட்டு முன்னால்.

"என்னப்பா இது, முலாம்பழமா, உன் மாமியார் வீட்டு மதில் சுவரா? இந்தக் கனம் கனக்குது. ஏழு நாலு இருபத்தெட்டு. அவன் இருபத்துநாலுங்கறான். உனக்கும் வேணாம் அவனுக்கும் வேணாம், இருபத்தாறு. கொடுப்பா. கொடுத்துடு. கஞ்சம் பிடிச்சவனுக்குப் பல்லு விழும். பரக்கத்."

ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை. பரக்கத் என்று சொன்ன கையோடு அடுத்த கடைக்கு ஓடினாள்.

துர்திகுல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் மேடையில் போய் உட்கார்ந்தார். கரியடுப்பு மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவி மஸ்தூராவிடம் சொன்னதும் அவள் நம்பவில்லை.

"வேற எந்தப் பொண்ணையாவது பாத்திருப்பீங்க."

"என் தோளை எனக்குத் தெரியாதாடி?"

வீட்டில் வர இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. முதலில் தோளைத் தூக்கிக்கொண்டு, தரகர் குரலில், ரொட்டி கேட்டாள், தேநீர் கேட்டாள். அப்பாவும் அம்மாவும் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். நவம்பர் கடைசியில் ஒரு நாள், தோள் தோளாகவே இருக்க, தன் சொந்தக் குரலில், "அம்மா, உப்பு கம்மி" என்றாள். மஸ்தூரா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டுச் சூப்பில் உப்பே இல்லை. துர்திகுல் அதை அப்படியே குடித்தார். மகள் மறுபடி உப்புக் கேட்பதற்கு அவரும் காத்திருந்தார்.

டிசம்பரில் மாதிரிப் பரீட்சை வந்தது. நாலாம் வகுப்பு முடிந்ததும் நகரத்துச் சிறப்புப் பள்ளியில் சேர்வதற்கு மே மாதம் ஒரு தேர்வு. அதற்கு ஒத்திகை. பக்கத்து வகுப்புக்கு நூற்றுக்கு அறுபத்தெட்டு. எல்முராத் வகுப்புக்கு நாற்பத்தொன்று.

ஜனவரியில் பள்ளி திறந்த இரண்டாம் நாள் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்தவள் மருந்துக்கடை ஹுரியத். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை. நாலு வருடத்தில் இரண்டு தடவை வந்தான், இரண்டு தடவையும் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். மகன் அஸ்ராரும் அந்த ரயிலில் ஏறிவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

"உஸ்தாத், எம்புள்ள வீட்டுக்கு வந்து என்கிட்டயே தலைவலி மாத்திரைக்குப் பேரம் பேசறான்" என்றாள். "மே மாசம் பரீட்சையில பேரமா கேக்கப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்முராத்தும் சிரித்தான்.

"பேரம் பேசறான்னா கணக்கு பிடிபட்டுடுச்சுன்னு அர்த்தம் அக்கா."

"பிடிபட்டது தாள்ல ஏன் தெரியல?"

"தாள்ல எழுத மார்ச்சுல இருந்து பழக்கலாம்னு இருந்தேன். முதல்ல ஒரு ஆசை வரட்டும்னு."

பின் பெஞ்சிலிருந்து சிமெண்ட் கடைக்காரர் ஒருவர், "ஆசைதானே தம்பி? எனக்கும் பாட்டுல ஆசை இருந்துச்சு" என்றார். "இப்ப மூட்டை எண்ணிட்டிருக்கேன்."

சிலர் எல்முராத் பக்கமும் பேசினார்கள். காலையில் எழுப்பாமலேயே பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்புகிறது என்றாள் ஒருத்தி. கிளம்பி எங்கே போய்ச் சேரும் என்று கேட்டாள் இன்னொருத்தி. குரல்கள் ஏறின. தலைமையாசிரியை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "நீங்களே பேசி முடிச்சுக்குங்க. மாவட்ட ஆபீசுக்கு மட்டும் காகிதம் எதுவும் எழுதிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பேசி முடிக்க ஆளா இல்ல?" என்றார் சிமெண்ட்காரர். "தரகர் இங்கதானே கெடக்காரு. எந்திரிங்க அண்ணே."

துர்திகுல் எழுந்தார். எழுந்ததும் கை தானாக நீண்டது. எல்முராத்தின் வலது கையையும் ஹுரியத்தின் கோட்டுச் சட்டைக் கையையும், அந்நியப் பெண் என்பதால் துணியோடு சேர்த்து, பிடித்தார். குலுக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க உஸ்தாத். விளையாட்டுக்கு எவ்வளவு?"

"இப்ப இருக்கற நாப்பத்தஞ்சு."

"நீங்க சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல. வேணும்னா சனிக்கிழமை அஞ்சு நிமிஷம் பாடட்டும்."

"அஞ்சு நிமிஷத்துல எங்க ஊர்ப் பாட்டுல ஆலாபனையே முடியாதே" என்றார் துர்திகுல். அறை சிரித்தது. இறுக்கம் விட்டது. அதற்குப் பிறகு அது சந்தைதான். நாற்பதுக்கு இறங்கினான் அவன். தினமும் ஐந்து என்று ஏறினாள் அவள். முப்பத்தைந்து. பத்து. "கொடுங்கம்மா, கொடுங்க" என்று பெஞ்சுகளிலிருந்து கூவினார்கள். எல்முராத் முப்பதில் நின்றான், ஹுரியத் பதினைந்தில் நின்றாள்.

"நடுவுல வெட்டினா இருபத்திரண்டரை. அரை நிமிஷத்துக்கு மணியடிக்கத் தனியா ஆள் போடணும்" என்றார் துர்திகுல். "இருபது."

எல்முராத் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, மேசையைத் திருப்பிப் போட்டு எடுக்கவே பத்து நிமிஷம் போயிடும். ஆறு கடை போட முடியாது. நடுவுல ஒரு கடைதான். மத்ததுங்க உக்காந்து வேடிக்கை பாக்கணும். பாதியா வெட்டினா ஆடு நடக்குமா?"

துர்திகுல் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றான் அவன்.

தெரியும். கதவுக் கண்ணாடி வழியாக இவர் எட்டிப் பார்த்ததை அன்றைக்கு உள்ளேயிருந்து அவனும் பார்த்திருந்தான். அவனே சொல்லியிருக்கலாம். அது அப்பா சொல்ல வேண்டியது என்று நினைத்து விட்டுக் கொடுத்தான். முப்பது ஜோடிக் கண்கள் துர்திகுல் முகத்தில் இருந்தன. 'எம்பொண்ணு அங்கதான் பேசறா' என்று மூன்று சொல். சொன்னால், ஓ, இவருக்கு இதில் சொந்த ஆடு இருக்கிறதா, அதனால்தான் உஸ்தாத் பக்கம் இழுக்கிறாரா என்று ஒருவன் சொல்வான். ஒருவன் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சந்தை முழுக்கச் சொல்லிவிடும். வறுத்த விதையின் வாசனை மூக்கில் ஏறியதுபோல் இருந்தது அவருக்கு.

"இருபது" என்றார். கைகளை ஒருதரம் ஓங்கிக் குலுக்கி, "பரக்கத்" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெஞ்சில் உட்காரப் போன ஹுரியத் திரும்பினாள். "இன்னொண்ணு. தரகர் வேஷம் தினமும் ஒரே புள்ளைக்குத்தான்னு அஸ்ரார் சொல்றான். என் புள்ளயும் ஒருநாள் தரகரா இருக்கட்டுமே."

"அது நம்ம தரகர் வீட்டுப் பொண்ணுதான்" என்று யாரோ சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் ஒரு சிறு சிரிப்பு எழுந்தது, துர்திகுலின் காது சிவந்தது.

"முறை வெச்சுக்கலாம்" என்றார் சட்டென்று. "வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. தினம் ஒரு புள்ள. எம்பொண்ணுக்கும் அவ முறை வரும்போதுதான்."

ஒருநாள் கேட்டதற்கு எல்லா நாளையும் கொடுத்தார். அறை முழுவதும் தலையாட்டியது. தரகன்னா இப்படி இருக்கணும், சொந்தப் பொண்ணுன்னுகூடப் பாக்கலியே என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வீடு போகும்போது துர்திகுல் சந்தை முடித்துப் போகிற நடையில்தான் போனார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதிவேட்டில் ஆய்தின் இருபத்துநாலாவது. முதல் வாரம் அவள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டாம் வாரம் தோளைத் தூக்கிக்கொண்டு ரொட்டி கேட்பது நின்றது. மூன்றாம் வாரம் மஸ்தூரா சூப்பில் உப்பே போடாமல் வைத்தாள். ஆய்தின் கையை நீட்டி உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மஸ்தூரா புருஷனைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது.

"முறை வரட்டும்" என்றார் அவர்.

பிப்ரவரி நடுவில் முறை வந்தது. அன்று நடந்ததை எல்முராத்தான் சொன்னான், பள்ளிக்கூட வாசலில், பனி விழுந்துகொண்டிருக்கும்போது.

"காலையில இருந்தே தயாரா இருந்தா அண்ணே. நடுவுல ஒரு கடை போட்டேன். ரெண்டு பசங்க விலை சொன்னானுங்க. எழுந்து வந்து கையைப் பிடிச்சா. முன்னெல்லாம் ஆறு கடையும் கத்தும், அந்த இரைச்சல்ல யார் பேசறாங்கன்னு யாருக்கும் தெரியாது, அவ பாட்டுக்குப் பேசிட்டுப் போயிடுவா. இப்ப இருபத்தெட்டுப் புள்ளைங்க கையைக் கட்டிட்டு உக்காந்து அவ வாயையே பாக்குது."

"ம்."

"கழுத்து நரம்பு புடைச்சுடுச்சு. நானும் காத்திருந்தேன், குறுக்க பேசக் கூடாதுன்னு. அஸ்ரார் கடிகாரத்தைப் பாத்து, 'உஸ்தாத், நாலு நிமிஷம் ஆயிடுச்சு'ன்னான். விஷமத்துக்குச் சொல்லல. அவனுக்கு நிமிஷத்தை எண்ணத்தான் இப்ப சொல்லிக் கொடுத்திருக்கு. கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. அவ கையை விட்டுட்டுப் போய்க் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டா."

துர்திகுல் பனியில் நடந்து வீட்டுக்கு வந்தார். ஆய்தின் அடுப்புக்குப் பக்கத்தில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நோட்டின் பின்பக்கம் ஏதோ எழுதி, நீட்டினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மூன்று வருடப் பழக்கம்.

'எனக்கு முதலில் எத்தனை நிமிடம் கேட்டீர்கள்?'

சந்தைக்காரன் மகள். பேரத்தில் எடுத்த எடுப்பிலேயே அதிகமாகக் கேட்பார்கள், பிறகு இறங்குவார்கள், இருபதுக்கு வந்து நிற்கிறது என்றால் அப்பா நூறாவது கேட்டிருப்பார் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

துர்திகுல் வாழ்நாளில் எத்தனையோ பொய் விலை சொன்னவர். அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

"கேக்கலம்மா" என்றார்.

அவள் நோட்டை வாங்கி, பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட ஆரம்பித்தாள்.

மறுநாள் அவர் மருந்துக்கடைக்குப் போனார். வேண்டாத இருமல் மருந்து ஒன்று வாங்கினார். விலைகூடக் கேட்காமல் காசை எண்ணி வைத்தார். ஹுரியத் அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"அன்னைக்குப் பேசின விலையை மறுபடி பேசணும்."

"எந்த விலை? கை குலுக்கினா குலுக்கினதுதான்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு நீங்க."

"ஆமா. அதை மாத்தச் சொல்லித்தான் வந்திருக்கேன்."

பிறகு சொன்னார். கதவுக் கண்ணாடி, முலாம்பழம், உப்பு, நாலு நிமிடம். தரகர் நடுவில் ஒரு வார்த்தைகூட ஜோடிக்கவில்லை. ஹுரியத் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நாப்பத்தஞ்சையும் விட்டுக் கொடுத்திருப்பேனே அண்ணே" என்றாள். "நான் என்ன கல்லா? எம்புள்ளைக்கு வீட்டுல வெச்சு நான் தாள் எழுதப் பழக்கியிருப்பேன். நீங்க நடுவுல நின்னீங்களேன்னுதான் நான் இறங்கி வந்தேன். அதான் நியாயமான விலைன்னு நெனச்சேன்."

துர்திகுல் இருமல் மருந்துப் புட்டியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நான் எல்லார்கிட்டயும் பேசறேன்" என்றாள் ஹுரியத். பேசவும் செய்தாள். மூன்று நாளில் இருபத்தைந்து வீட்டுக்குப் போன் போட்டாள். சிமெண்ட்காரர்கூட, "தரகரு இதை அப்பவே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று திட்டிவிட்டுச் சரி என்றார். யாரும் சந்தையில் போய் எதுவும் சொல்லவில்லை. வறுத்த விதை விற்கிற நிலைமையெல்லாம் துர்திகுலின் மனசுக்குள்தான் வந்துபோனது.

மார்ச் முதல் வாரம் அவர் பள்ளிக்கூடம் போனார். எல்முராத் ஆசிரியர் அறையில் ஒரு அட்டைப்பெட்டியில் காகித முலாம்பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நாப்பத்தஞ்சும் திரும்பி வந்துடுச்சு தம்பி" என்றார் துர்திகுல். "ஆறு கடையும் போடு."

எல்முராத் அவரை உட்காரச் சொன்னான். தாஷ்கந்தில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். சிறப்புப் பள்ளித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற இடம். சம்பளம் மூன்று மடங்கு. திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கே பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

"விளையாட்டு இல்லாத இடத்துக்கா போற?"

"அங்க பாதியா வெட்ட மாட்டாங்க அண்ணே. முழுசா இது, இல்ல முழுசா அது." ஒரு காகித முலாம்பழத்தைப் பெட்டிக்குள் வைத்தான். "இருபது நிமிஷத்துல நான் விளையாட்டும் சொல்லிக் கொடுக்கல, பாடமும் சொல்லிக் கொடுக்கல. மேசையைத்தான் திருப்பிட்டிருந்தேன். பிப்ரவரி மாதிரிப் பரீட்சையில எவ்வளவு தெரியுமா? நாப்பத்திரண்டு. ஒண்ணு ஏறியிருக்கு."

அவன் கையைப் பிடித்தார் துர்திகுல். பிடித்த கையைக் குலுக்கவில்லை. இன்னொரு கை இல்லாமல் குலுக்கி என்ன பயன்.

இரைச்சல்தான் வேண்டும் என்றால் ஊரிலேயே பெரிய இரைச்சல் தன்னிடம் இருக்கிறதே என்று ஏப்ரலில் அவருக்குத் தோன்றியது. ஒரு ஞாயிறு காலை ஆய்தினுக்கு ஸ்வெட்டர் போட்டு, கையைப் பிடித்துச் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஆயிரம் ஆடு கத்திக்கொண்டிருந்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. யாரோ ஒருவன் ஓடிப்போன கிடாயைத் திட்டிக்கொண்டு துரத்தினான். ஆய்தின் சுற்றிப் பார்த்தாள். இடது தோள் மெல்ல, மிக மெல்ல, மேலே போவதை துர்திகுல் பார்த்தார்.

கசாப்புக் கடைக்காரர் சாபிரும் மலையிலிருந்து வந்த ஒரு மேய்ப்பரும் ஒரு செம்மறிக்கு மேல் குனிந்து நின்றிருந்தார்கள். ஒருவர் இருபத்தெட்டு லட்சம் சோம் என்றார். இன்னொருவர் இருபத்துநாலு என்றார்.

"போம்மா" என்றார் துர்திகுல் அவள் காதில். "உனக்குத் தெரிஞ்ச கணக்குதான்."

ஆய்தின் போனாள். இரண்டு பெரிய கைகளை இழுத்துச் சேர்த்தாள். அவள் கை ஒரு பக்கத்து விரல்களைத்தான் சுற்றிப் பிடித்தது. ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"அட, தரகருக்கு வாரிசு வந்தாச்சு" என்றார் சாபிர். மேய்ப்பர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதுகை நிமிர்த்தினார். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

அப்போது அந்தச் சந்தை ஒரு காரியம் செய்தது. துர்திகுல் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. குழந்தை பேசப் போகிறது என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்தவன் தன் பேரத்தை நிறுத்தினான். அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் எதிராளியின் தோளைத் தொட்டுச் சும்மா இருக்கச் சொன்னான். "ஷ், நம்ம துர்தி பொண்ணு, என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்று யாரோ சொன்னது கடைசிவரை போயிற்று. லாரிக்காரன்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்தான். பிரியத்தினால் எல்லோரும் வாயை மூடினார்கள். அவ்வளவு பேரும் சிரித்த முகத்தோடு அவளையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

"பேசுங்கய்யா" என்றார் துர்திகுல். "உங்க வேலையைப் பாருங்க. கத்துங்க. யாராவது எதையாவது கத்துங்கய்யா." அவர் எதற்காகச் சொல்கிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. தரகர் பெண்ணைப் பார்த்துப் பெருமையில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அமைதியானார்கள்.

ஆய்தினின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தோள் இறங்கியது. இரண்டு கைகளையும் அவரவர் பக்கம் பத்திரமாக விட்டாள், உடையும் சாமானை வைப்பதுபோல.

சாபிருக்குச் சங்கடமாகப் போயிற்று. "சரி சரி, புள்ள மனசுல நெனச்சது எனக்குக் கேட்டுடுச்சு. இருபத்தாறு" என்றார். மேய்ப்பரும் சட்டென்று தலையாட்டினார். இருவரும் தாங்களாகவே கைகொடுத்துக்கொண்டார்கள். மேய்ப்பர் பையைத் துழாவி ஐயாயிரம் சோம் நோட்டு ஒன்றை எடுத்து ஆய்தின் கையில் வைத்து மூடினார். "உன் தரகு, மகளே."

அவள் அதை அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். இருவரும் லாரிகளுக்கு நடுவே வீட்டை நோக்கி நடந்தார்கள். பின்னால் சந்தை மறுபடி இரையத் தொடங்கியது.

நடந்துகொண்டே துர்திகுல், ஒவ்வொரு ஞாயிறும் போடுவதுபோல், அன்றைய கணக்கை மனதில் போட்டார். அவர் முடித்த ஆடு, இல்லை. ஆய்தின் முடித்தது, ஒன்று. தரகு ஐயாயிரம், கைக்கு வந்தது. அவள் பேசிய சொல், இல்லை. அவளுக்கு அவர் தர வேண்டியது, நாளுக்கு இருபத்தைந்து நிமிடமாகப் பள்ளி நடந்த அறுபத்திரண்டு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது நிமிடம். கொடுத்தது, ஒன்றுமில்லை. பாக்கி, ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. நாளைக்குத் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் உண்டு. ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து.